தலை குனிந்து நிற்கும் சிப்பாய்!

போர் வீரனின் சிலை என்றதும் உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது? குதிரை மேல் உட்கார்ந்து, வாளை ஓங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஒரு மாவீரன்தானே?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு சிப்பாயின் சிலை இருக்கிறது. தலையில் இரும்புத் தொப்பி, கையில் துப்பாக்கி எல்லாம் உண்டு. ஆனால் அந்தத் துப்பாக்கி யாரையும் குறி பார்க்கவில்லை. அவன் 'வெற்றி, வெற்றி!' என்று கத்தவும் இல்லை. தலை குனிந்து நிற்கிறான்!

ஏன் தலை குனிந்து நிற்கிறான்? தோற்றுவிட்டானா? யாராவது திட்டிவிட்டார்களா?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் நாம் ஒரு சின்னச் சுற்றுலா போக வேண்டும். நெடுந்தூரம் இல்லை. ஒரே கடற்கரை, ஒரே சாலை. காலையில் கிளம்பினால் மாலைக்குள் பார்த்துவிடலாம். வழியில் பார்க்கும் ஒவ்வொரு கல்லிடமும் மூன்று கேள்விகள் கேட்போம்.

1. உன்னை இங்கே வைத்தது யார்?
2. யாருக்காக வைத்தார்கள்?
3. யாருடைய பெயர் உன்னிடம் இல்லை?

மூன்றாவது கேள்விதான் கொஞ்சம் கஷ்டமானது. மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பலாமா?

நடுவில் ஓர் ஊர்

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது பொம்மையார்பாளையம். மீனவர்கள் வாழும் ஊர். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் ஆரோவில்லின் செம்மண் மேடு. நம் சுற்றுலாவை இங்கே இருந்து தொடங்குவோம். காரணம் இருக்கிறது.

இந்த ஊரில் சாலையோரம் நின்று வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினால் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் போய்விடலாம். தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினால் சுமார் 10 கி.மீ.யில் புதுச்சேரி. வடக்கே இருப்பது 18ஆம் நூற்றாண்டுப் போரின் அடையாளம். தெற்கே இருப்பது 20ஆம் நூற்றாண்டுப் போரின் நினைவுச் சின்னம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது பொம்மையார்பாளையம்!

முதலில் வடக்கே போவோம்.

கூரை இல்லாத மியூசியம்

மரக்காணத்தை நெருங்கும்போதே தெரிந்துவிடும். சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். வெயில் காலத்தில் போனால் வெள்ளைவெளேர் என்று உப்புக் குவியல்கள் கண்ணைப் பறிக்கும். அவற்றைத் தாண்டிப் போனால் கடப்பாக்கம் வரும். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. இது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது.

கோட்டை என்றதும் பெரிய கதவு, அகழி, பீரங்கி என்று கற்பனை பண்ணிக்கொண்டு போகாதீர்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர்கள் உடைந்து கிடக்கின்றன. சில இடங்களில் சுவர் உயரமாக நிற்கும். சில இடங்களில் வெறும் செங்கல் குவியல்தான். சுவரைப் பிளந்துகொண்டு மரங்கள் வளர்ந்திருக்கின்றன. எதிரே உப்பங்கழி, அதற்கு அப்பால் கடல்.

ஒரு காலத்தில் இது சுறுசுறுப்பான துறைமுகம். ஜரிகைத் துணி, நெய், உப்பு எல்லாம் இங்கிருந்து கப்பலேறின. காசு அடிக்கும் நாணயச் சாலையும் இருந்தது. இங்கே அடித்த பொற்காசுக்கு 'ஆலம்பரை வராகன்' என்றே பெயர்!

கோட்டை முதலில் ஆற்காட்டு நவாபுகளிடம் இருந்தது. 1750இல் முசாபர் ஜங் என்பவர் இதைப் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். எதற்காக? போரில் தனக்கு உதவி செய்ததற்குப் பரிசாக! பத்தே வருடம். 1760இல் ஆங்கிலேயர் இதைப் பிடித்தார்கள். பிறகு இடித்துத் தள்ளிவிட்டார்கள். மிச்சம் மீதி இருந்ததையும் 2004 டிசம்பர் சுனாமி கொஞ்சம் சிதைத்தது.

கண்ணாடிப் பெட்டி இல்லை, டிக்கெட் இல்லை, கூரையும் இல்லை. ஆனால் இதுவும் ஒரு போர் மியூசியம்தான். போர் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதை இந்தச் செங்கற்கள் காட்டுகின்றன.

எங்கேயோ சண்டை, இங்கே அடி!

'பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் எதற்காக நம் ஊரில் வந்து அடித்துக்கொண்டார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி!

இரண்டு பேரும் வியாபாரம் செய்யத்தான் வந்தார்கள். ஆங்கிலேயருக்கு சென்னை, கடலூர். பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரி, காரைக்கால். ஐரோப்பாவில் அந்த இரண்டு நாடுகளுக்கும் சண்டை மூண்டால், கப்பலில் செய்தி வந்து சேர்ந்ததும் இங்கேயும் சண்டை ஆரம்பித்துவிடும். இங்கே இருந்த நவாபுகளின் பதவிச் சண்டையும் அதோடு சேர்ந்துகொண்டது. இப்படி நடந்தவைதான் நீங்கள் பாடப் புத்தகத்தில் படிக்கும் கர்நாடகப் போர்கள்.

ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையையே பிடித்துவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஐரோப்பாவில் சமாதானம் ஆனது. அந்தப் பக்கம், வட அமெரிக்காவில் லூயிபர்க் என்று ஒரு கோட்டை. அது ஆங்கிலேயர் கையில் இருந்தது. 'லூயிபர்க்கை நீங்கள் கொடுங்கள், சென்னையை நாங்கள் கொடுக்கிறோம்' என்று பண்டமாற்று செய்துகொண்டார்கள்! சென்னையில் இருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1756இல் ஐரோப்பாவில் மறுபடியும் பெரிய போர் தொடங்கியது. ஏழு வருடம் நடந்ததால் அதற்கு 'ஏழாண்டுப் போர்' என்று பெயர். அந்தப் போரில் நம் பக்கத்து முக்கியமான நாள் 1760 ஜனவரி 22. இடம் வந்தவாசி. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். அதன் பிறகு பிரெஞ்சுக் கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நாம் இப்போது பார்த்த ஆலம்பரையும் அப்படி விழுந்ததுதான்.

மிஞ்சியது புதுச்சேரி. வாருங்கள், நாமும் தெற்கே திரும்புவோம்.

முள்வேலிக்கும் மதிலுக்கும் நடுவில்

பொம்மையார்பாளையத்தைத் தாண்டி, கோட்டக்குப்பம் வழியாக பஸ் புதுச்சேரிக்குள் நுழைகிறது. இன்று எங்கே ஊர் முடிகிறது, எங்கே நகரம் ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. அந்தக் காலத்தில் நன்றாகத் தெரியும். புதுச்சேரியைச் சுற்றி, வயல்களுக்கு நடுவே வளைத்து, கள்ளியும் கற்றாழையும் முள்செடியுமாக அடர்ந்த ஓர் உயிர்வேலி இருந்தது. அதன் இடையிடையே காவல் அரண்கள். வேலியைத் தாண்டி உள்ளே வந்தால் கோட்டை மதில். அதற்குள் நகரம்.

1760 செப்டம்பரில் ஆங்கிலேயர் படை அந்த வேலியைப் பிடித்து உள்ளே வந்துவிட்டது. கடல் பக்கம் ஆங்கிலேயக் கப்பல்கள். தரை வழியாகவும் தானியம் வர முடியாது, கடல் வழியாகவும் வர முடியாது. நகரத்துக்குள் அரிசி குறைந்துகொண்டே வந்தது.

நவம்பர் 27ஆம் தேதி லாலி ஓர் உத்தரவு போட்டார். 'சோறு சிப்பாய்களுக்கே போதவில்லை. நகரத்தில் மிச்சம் இருக்கும் உள்ளூர் மக்கள் வெளியே போக வேண்டும்.' ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று சுமார் 1,400 பேர் மதிலுக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள்.

அவர்கள் வேலிப் பக்கம் போனார்கள். அங்கே ஆங்கிலேயர் படை. 'இந்தப் பக்கம் வராதே!' என்று தடுத்தது. இவர்கள் திரும்பி வந்தால் கோட்டைக்குள் தின்ன ஆள் கூடும், லாலி சீக்கிரம் சரணடைவார் என்று கணக்கு! மக்கள் மதிலுக்குத் திரும்பினார்கள். மதில் கதவு திறக்கவில்லை.

எட்டு நாள் நண்பர்களே, எட்டு நாள்! இரண்டு படைகளுக்கும் நடுவில், கார்த்திகை மாதத்து வெட்டவெளியில், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்று அந்த ஜனங்கள் கிடந்தார்கள். கடைசியில் மனம் இரங்கி, அயர் கூட் வழிவிட்டார். கிராமங்களைத் தேடி அவர்கள் கலைந்து போனார்கள். யார் யார், எந்தெந்த ஊர்ப் பக்கம் போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அவர்கள் பிரெஞ்சுக்காரரும் இல்லை, ஆங்கிலேயரும் இல்லை. இந்தச் சண்டையில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. இந்த மண்ணில் பிறந்தவர்கள், அவ்வளவுதான்.

கதை இன்னும் முடியவில்லை. 1760 டிசம்பர் 31 இரவு பயங்கரமான புயல் அடித்தது. புதுச்சேரிக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களில் சில மூழ்கின. சில கரையில் மோதி உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் ஒரே இரவில் கடலில் போனார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் மிச்சமிருந்த கப்பல்கள் திரும்ப வந்து வழியை அடைத்துவிட்டன. 1761 ஜனவரி 16ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்கள் கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள்.

பாவம் லாலி! பிரான்சுக்குப் போனதும் அவர் மேல் துரோகக் குற்றம் சாட்டி, 1766இல் தலையை வெட்டிவிட்டார்கள். போரில் ஜெயித்தவருக்குப் பரிசு கிடைக்கும், தோற்றவருக்குத் தண்டனை கிடைக்கும். நடுவில் நின்றவர்களுக்கு?

காந்தித் தாத்தாவைச் சுற்றி எட்டுத் தூண்கள்

1763இல் ஐரோப்பாவில் சமாதான உடன்படிக்கை ஆனது. அதன்படி புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர்களிடம் வந்தது. இடிபாட்டின் மேல் புதிதாக ஊர் கட்டினார்கள். இன்று நாம் பார்த்து ரசிக்கும் நேர் நேரான பிரெஞ்சு வீதிகளில் நிற்கும் வீடுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான்.

அந்த அழிவிலும் தப்பிய மிகச் சில கட்டடங்களில் ஒன்று ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது. அவர் டூப்ளேவின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736 முதல் தினமும் தமிழில் நாட்குறிப்பு எழுதி வந்தார். கப்பல் வந்தது, கப்பல் போனது, ஊரில் வதந்தி பரவியது, சண்டைக்குப் பயந்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுப் போனது எல்லாம் அதில் இருக்கிறது. 1761 ஜனவரியில், புதுச்சேரி விழுவதற்குச் சில நாள் முன்னால் அவர் இறந்துபோனார். ஒரு மனிதர் தினமும் கொஞ்சம் எழுதி வைத்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

பாரதி பூங்காவுக்கு அருகில், செயின்ட் லூயி வீதியில் புதுச்சேரி அருங்காட்சியகம் இருக்கிறது. அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த பொருள்கள், சோழர் காலச் செப்புத் திருமேனிகள், பல்லக்குகள், டூப்ளே பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கட்டில் எல்லாம் அங்கே உண்டு. கட்டிலைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். கவர்னரின் கட்டில் பத்திரமாக இருக்கிறது. அந்த 1,400 பேரில் ஒருவர் தூக்கிக்கொண்டு போன சட்டிபானை எங்கே இருக்கும்?

அங்கிருந்து கடற்கரைக்கு நடந்து வாருங்கள். காந்தி சிலை தெரிகிறதா? அதைச் சுற்றி எட்டு உயரமான கருங்கல் தூண்கள் நிற்கும். எல்லாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். அந்தத் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டு வரப்பட்டவை என்று சொல்கிறார்கள். 1750இல் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. போரில் வந்த தூண்கள், கத்தியின்றி ரத்தமின்றிப் போராடச் சொன்ன காந்தித் தாத்தாவுக்கு இப்போது காவல் நிற்கின்றன. நன்றாக இருக்கிறது, இல்லையா?

இதோ, அந்தச் சிப்பாய்!

காந்தி சிலையிலிருந்து சற்றுத் தள்ளி, அதே கடற்கரைச் சாலையில் நான்கு வெள்ளைத் தூண்கள் உயர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே தலை குனிந்தபடி நம்முடைய சிப்பாய்! இதுதான் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம். சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும்.

முதல் உலகப் போர் 1914 முதல் 1918 வரை நடந்தது. அப்போது புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்தில் சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. இந்தப் பகுதிகளிலிருந்து பிரான்சுக்காகப் போரிடப் போய் உயிர்விட்டவர்களுக்காக எழுப்பியது இது. 1937இல் கட்டினார்கள். 1938 ஏப்ரல் 3ஆம் தேதி கவர்னர் குரோசிக்கியா திறந்து வைத்தார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் சண்டை கப்பலேறி நம் கரைக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டில் நம் கரையின் பிள்ளைகள் கப்பலேறி ஐரோப்பாவின் சண்டைக்குப் போனார்கள். ஒரே கடல்தான். வழி மட்டும் மாறிவிட்டது!

பிரெஞ்சிந்தியாவில் மட்டும் அல்ல. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். 74,000க்கும் அதிகமானோர் திரும்பவே இல்லை. பிரான்சில் நெவ் ஷாப்பெல் என்ற ஊரில் அவர்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1927இல் திறந்தது. உச்சியில் தாமரை வைத்த தூண், வட்டமான சுவர். அந்தச் சுவரில், புதைத்த இடம் தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

சென்னையும் அந்தப் போரில் தப்பவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் திடீரென்று வந்து குண்டு வீசியது. துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிறிது நேரத்தில் கப்பல் மாயமாகிவிட்டது! சாமர்த்தியக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்று உங்கள் வீட்டில் தாத்தா சொல்வாரே, அந்தச் சொல் வந்தது இப்படித்தான். நவம்பர் 9ஆம் தேதி ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று கோகோஸ் தீவுகள் அருகே எம்டனை அடித்து வீழ்த்தியது.

சரி, புதுச்சேரி சிப்பாய்க்கு வருவோம். 'இனிமேல் இப்படி ஒரு போர் வரவே கூடாது' என்று அப்போது உலகமே பேசிக்கொண்டது. ஆனால் இந்தச் சின்னத்தைத் திறந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது! மறுபடியும் இளைஞர்கள் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகு இந்தோசீனாவில், அதாவது இன்றைய வியட்நாம் பக்கம் நடந்த போருக்கும் போனார்கள்.

1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களைப் புதுச்சேரித் தமிழில் 'சொல்தா' என்பார்கள். சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. தாத்தா சொல்தா, அப்பா சொல்தா என்று குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். ஆண்டுதோறும் ஜூலை 14 பிரான்சின் தேசிய நாள். அன்று இந்தச் சின்னத்துக்கு மலர் வளையம் வைப்பார்கள், விளக்குகளால் அலங்கரிப்பார்கள். பழைய சொல்தாக்கள் நெஞ்சில் பதக்கங்களோடு வருவார்கள்.

நமக்குப் புதிது இல்லை!

'நினைவுச் சின்னம் எழுப்புவதை வெள்ளைக்காரர்களிடம்தான் கற்றுக்கொண்டோமா?' என்று நினைக்காதீர்கள். நாம் இதில் ரொம்பப் பழைய ஆட்கள்!

போரில் இறந்த வீரனுக்குக் கல் நடுவது தமிழர் வழக்கம். அதற்கு நடுகல் என்று பெயர். எப்படி நட வேண்டும் என்று தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது. நல்ல கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் சில நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையவை. எழுத்து தமிழ்-பிராமி. அவற்றில் ஒரு கல், கூடலூரில் நடந்த மாடு கவரும் சண்டையில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுடையது. அவன் அரசன் இல்லை, பெரிய தளபதியும் இல்லை. ஆனால் அவன் பெயர் இருக்கிறது! இரண்டாயிரம் வருடம் கழித்து நீங்கள் அதைப் படிக்கிறீர்கள்.

வேலூருக்குப் போனால் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு பார்க்கலாம். முதல் உலகப் போருக்கு அந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. எண்ணிக்கை இருக்கிறது, பெயர்கள் இல்லை.

சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1952இல் அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே உறங்குகிறார்கள். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்ற பேதம் அங்கே கிடையாது. பின்பக்கம் முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலும் உண்டு.

டெல்லியில் 2019 பிப்ரவரி 25ஆம் தேதி தேசியப் போர் நினைவகம் திறந்தார்கள். சுதந்திர இந்தியாவுக்காக உயிர் கொடுத்த வீரர்களின் பெயர்கள் அங்கே சுவர் சுவராகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெயர் எவ்வளவு முக்கியம் பார்த்தீர்களா?

மூன்றாவது கேள்வி

இப்போது நம் மூன்று கேள்விகளுக்கு வருவோம்.

புதுச்சேரி சின்னத்தை வைத்தது யார்? பிரெஞ்சு அரசு. யாருக்காக? பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் இறந்த வீரர்களுக்காக. இரண்டும் தெரிந்துவிட்டது. யாருடைய பெயர் இல்லை?

1760 கார்த்திகையில் முள்வேலிக்கும் மதிலுக்கும் நடுவில் எட்டு நாள் கிடந்த 1,400 பேர் நினைவில் இருக்கிறார்களா? அவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. ஆலம்பரையில் உப்பு மூட்டை தூக்கியவர்கள், காசு அடித்தவர்கள், கோட்டை இடிந்ததும் பிழைப்பு தேடி அலைந்தவர்கள் என்று அவர்களுக்கும் கல் இல்லை. சண்டைக்குப் போன சொல்தாவுக்காகக் கரையில் காத்திருந்த அம்மாவுக்கும் கல் இல்லை.

கல் இல்லை என்பதால் அவர்கள் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. நாம் கேட்டால் அவர்கள் இருக்கிறார்கள். கேட்காவிட்டால்தான் இல்லாமல் போய்விடுவார்கள்.

சிப்பாய் ஏன் தலை குனிந்து நிற்கிறான் என்று இப்போது சொல்லுங்கள் பார்க்கலாம். அவன் தோற்றுப் போகவில்லை. முதல் உலகப் போரில் பிரான்ஸ் ஜெயித்த பக்கம்தான்! ஜெயித்தும் தலை குனிந்து நிற்கிறான். தன்னோடு கிளம்பி, தன்னோடு திரும்பி வராத நண்பர்களை நினைத்துக்கொண்டு நிற்கிறான். ஜெயித்தாலும் அவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

போகும்போது கவனிக்க...

* ஆலம்பரைக் கோட்டைச் சுவர்களில் ஏறாதீர்கள். பழைய செங்கல் சரியும். சுவரில் பெயர் கிறுக்குவதும் கூடாது. வெயில் கடுமையாக இருக்கும்; தொப்பி, தண்ணீர் அவசியம்.

* புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களிலும் நேரம் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

* கடற்கரைச் சாலையில் மாலையில் வாகனங்களை விட மாட்டார்கள். அதனால் நிம்மதியாக நடந்து பார்க்கலாம்.

* போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் ஓடிப் பிடித்து விளையாடாதீர்கள். ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பெயர்கள் இருந்தால் மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள்.

* ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். மூன்று கேள்விகளையும் எழுதி, கிடைத்த பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை செய்த வேலையைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்!

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் குடும்பத்தில், தெருவில், ஊரில் யாராவது ராணுவத்துக்குப் போயிருக்கிறார்களா, அல்லது போர் காரணமாக ஊரைவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்களா என்று பாட்டி, தாத்தாவிடம் கேளுங்கள். அவர்கள் பெயரையும் அந்த நோட்டிலேயே எழுதி வையுங்கள். கல்லில் செதுக்க நம்மிடம் உளி இல்லை என்றால் என்ன? பென்சில் இருக்கிறதே!